மூளையைத் திருத்தும் பெப்டைட் ஊசிகளும் மூக்குத் துளிகளும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிசவாதம் வந்தவர்களையும், தலையில் காயப்பட்டவர்களையும், மறதிநோய் கண்ட முதியவர்களையும் பராமரிக்கும் குடும்பங்களுடன் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மறுவாழ்வுப் பணியாளராக வேலை செய்யும் எனக்கு, "மூளையைத் திரும்ப வளர்க்கிற ஊசி" பற்றிய ஐயங்கள் ஏறத்தாழ ஒரே வடிவில் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் பேசிய விதத்திலேயே கேள்விகளை வைத்து, இதுவரை உறுதியாகத் தெரிந்தவற்றைப் பதிலாகத் தொகுத்துள்ளேன். நான் வைத்தியர் அல்லேன். உங்கள் வைத்தியரிடம் போய்ப் பேசுவதற்கு ஆயத்தமாக இதை வாசியுங்கள்.

இந்த நியூரோபெப்டைட் எண்டு சொல்றது என்ன சாமான்?

அமினோ அமிலங்கள் கோவையாக இணைந்து உருவாகும் குறுகிய சங்கிலி பெப்டைட் எனப்படும். சங்கிலி நீண்டு மடிந்தால் அது புரதம். நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதற்காகத் தாமே உருவாக்கி வெளிவிடும் பெப்டைட்டுகளையே நியூரோபெப்டைட்டுகள் என்கிறோம். 1931இல் கண்டறியப்பட்ட 'சப்ஸ்ரன்ஸ் பி', 1975இல் கண்டறியப்பட்ட என்கெஃபலின், பிரசவத்தின்போதும் பாலூட்டும்போதும் சுரக்கும் ஒக்சிரோசின் ஆகியவை இவ்வகையின.

ஆனால் மருந்துக் கடையிலும் விளம்பரத்திலும் இந்தப் பெயர் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு வழங்கப்படுகிறது. விலங்கின் மூளையைச் சிதைத்துப் பெறும் கலவைகள் ஒரு வகை. செரிப்ரோலைசின், கோர்ட்டெக்சின் என்பன அவை. ஆய்வுகூடத்தில் கோத்தெடுக்கும் குறுஞ்சங்கிலிகள் இன்னொரு வகை. ரஷ்யாவின் சீமாக்ஸ், செலாங்க் என்பன அவை. மூன்றாவது, நரம்பு வளர்ச்சிக் காரணிகள். இவை உண்மையில் புரதங்கள். இவற்றுள் முதலாவதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்ரான்லி கோகனும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். யாராவது "பெப்டைட்" என்று மட்டும் சொன்னால், எந்த மருந்து என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பற்றிய ஆய்வு மற்றொன்றுக்குச் சான்றாகாது.

குளிசையாத் தரமாட்டினமோ? ஏன் ஊசி, இல்லாட்டி மூக்குத் துளி?

விழுங்கினால் இறைச்சியும் பருப்பும் செரிப்பதுபோலவே பெப்டைட்டும் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடும். ஊசியாக ஏற்றினாலும் பெரும்பாலான பெப்டைட்டுகள் குருதியில் சில நிமிடங்களிலேயே உடைந்துபோகின்றன. எஞ்சியவற்றை மூளைக்குள் நுழைய விடாமல் குருதி-மூளைத் தடுப்பு நிற்கிறது. மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்புகள் வழியாக இத்தடுப்பைச் சுற்றிச் செல்லலாம் என்ற எண்ணத்திலேயே மூக்குத் துளிகள் ஆக்கப்பட்டன. ஆனால் மனிதரில் விட்ட துளியின் மிகச் சிறு பங்கே மூளையை அடைகிறது. இந்தத் துறையின் பாதிச் சிக்கல் இந்த வழிப் பிரச்சினைதான். கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் நரம்புக் கலத்துக்கு நன்மை செய்த பொருள், மனித மண்டையோட்டுக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதை யாரும் எளிதில் காட்டிவிட முடிவதில்லை.

செரிப்ரோலைசின் பன்றி மூளையில இருந்து எடுக்கிறதாமே? உண்மையோ?

உண்மை. ஒஸ்ரியாவில் தயாராகும் இம்மருந்து, பன்றி மூளைப் புரதங்களை நொதிகளால் உடைத்துப் பெறப்படுகிறது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறுகிய பெப்டைட்டுகள்; மிகுதி தனி அமினோ அமிலங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கும் சைவ உணவுக் கட்டுப்பாடு உடையவர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்வது மருந்து எழுதுபவரின் கடமை என்று நான் கருதுகிறேன். நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால், அவர் பேசக்கூடியவராயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வீட்டார் யோசிக்க வேண்டும்.

பாரிசவாதத்துக்கு அது வேலை செய்யுமோ, செய்யாதோ? ஒரே சொல்லில சொல்லுங்கோ.

நிரூபிக்கப்படவில்லை. ஆசிய நாடுகளில் 1070 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான 'காஸ்ரா' ஆய்வில், மருந்து ஏற்றியவர்களுக்கும் போலி மருந்து ஏற்றியவர்களுக்கும் இடையே முதன்மை அளவீட்டில் வேறுபாடு இல்லை. 2016இல் வெளியான 'கார்ஸ்' ஆய்வில், 208 பேரிடையே, கையின் இயக்கம் மருந்து பெற்றவர்களில் நன்றாகத் தேறியது. அதே பாணியில் நடத்திய இரண்டாவது ஆய்வில் அந்த வேறுபாடு தென்படவில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் குழு, ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இம்மருந்து இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும், உயிரைப் பறிக்காத கடுமையான பாதக விளைவுகள் கூடக்கூடும் என்றும் எழுதியுள்ளது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. ரஷ்யா, சீனா உட்படப் பல நாடுகளில் பாவனையில் உள்ளது.

பாரிசவாதத்தில் நிச்சயமாக வேலை செய்யும் சிகிச்சைக்கு நேர எல்லை உண்டு. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள்ளேயே ஏற்ற முடியும். அதற்கு முன்னர் சி.ரி. ஸ்கான் எடுத்து, குருதிக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இராமல் உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய வண்டிக்குப் பணம் இல்லை. அறிகுறி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டு செல்லுங்கள்; வைத்தியசாலையில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

ஆனா பக்கத்து வீட்டு ஐயாவுக்கு இந்த ஊசி போட்டு எழும்பி நடந்தவர். கண்ணால கண்டனாங்கள்.

நீங்கள் கண்டது பொய்யல்ல; காரணம் ஊசிதானா என்பதே கேள்வி. பாரிசவாதத்துக்குப் பின்னர் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்கிறது, ஊசி போடாதவர்களிலும் நிகழ்கிறது. மூளையின் வீக்கம் வற்றுகிறது, பாதிக்கப்படாத பகுதிகள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த ஊசியும் அந்த நாட்களிலேயே போடப்படுவதால், மீட்சியின் பேர் ஊசிக்குப் போய்விடுகிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பாதிப் பேருக்குப் போலி மருந்து கொடுத்தது இதைப் பிரித்தறிவதற்காகத்தான். காஸ்ரா ஆய்வில் போலி மருந்து பெற்றவர்களும் எழுந்து நடந்தார்கள்.

அப்பாவுக்கு வந்து ஆறு மாசம். இப்ப போட்டாலும் கை வருமோ?

முன்னைய பதிலில் சொன்ன ஆய்வுகள் யாவும் பாரிசவாதம் வந்த முதல் சில நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கியவை. ஆறு மாதத்துக்குப் பின்னர் தொடங்குவதற்கு அவற்றிலிருந்து ஆதரவு தேட முடியாது.

ஆனால் ஆறு மாதமான கைக்கு வழியே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 2006இல் வெளியான 'எக்சைற்' ஆய்வில், பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேர் பங்குபற்றினர். சிகிச்சைப் பிரிவினர் நல்ல கையை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் உறைக்குள் கட்டிவைத்து, இரண்டு வாரம் பாதிக்கப்பட்ட கையாலேயே வேலை செய்து பழகினார்கள். ஓராண்டின் பின்னரும் அவர்களின் கை மற்றவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது. மணிக்கட்டையும் விரல்களையும் சற்றேனும் நிமிர்த்தக்கூடியவர்களுக்கே இது பொருந்தும். இயன்மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

வீட்டில் இதைச் செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சுளகில் ஒரு பிடி பயறையும் ஒரு பிடி உழுந்தையும் கலந்து பரப்பி, பாதிக்கப்பட்ட கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு சிரட்டைகளில் போடச் சொல்லுங்கள். முதல் நாட்களில் பயறு விரலிடுக்கில் நழுவி விழும், தோள் உயர்ந்து உதவிக்கு வரும், ஆள் சினப்படுவார். அருகில் இருப்பவர் கை கொடுத்து உதவாமல், தோளை மட்டும் மெல்லத் தாழ்த்திப் பிடித்தால் போதும். பயறு இலகுவாகிவிட்டால் எள்ளுக்கு மாறுங்கள். இதை மேற்பார்வை செய்ய மாவட்ட வைத்தியசாலைகளில் இயன்மருத்துவர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். மாங்குளத்தில் இதற்கென்றே மறுவாழ்வுச் சிகிச்சை நிலையம் உண்டு.

எனக்குத் தலைக்குள்ள செல் பீஸ் இருக்கு. மூளை திருந்த இந்த ஊசி போடலாமோ?

இந்தத் தொகுப்பை எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டிய கேள்வி இதுதான். 2009 வரையான போரில் காயப்பட்டு, எடுக்க முடியாத சிதறல்களைத் தலையில் சுமந்துகொண்டு வாழ்பவர்கள் வன்னியில் ஏராளம். மூளையைத் துளைத்த காயத்தின் பின்னர் வலிப்பு வரும் வாய்ப்பு மிக அதிகம்; வியட்னாம் போரில் இவ்வாறு காயமடைந்த அமெரிக்கப் படையினரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு வலிப்பு வந்திருந்தது. சிலருக்கு முதல் வலிப்பே பத்தாண்டுகள் கழித்து வந்தது. செரிப்ரோலைசினின் உற்பத்தியாளரே, வலிப்பு நோயுள்ளவர்களுக்கு இம்மருந்து ஏற்றக்கூடாது என்று மருந்துக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த ஊசியை அதிகம் விரும்பித் தேடும் நம்மவர்களே அதைப் பெறக்கூடாதவர்களாக இருக்கிறார்கள்.

சில நொடிகள் வெறித்துப் பார்த்தல், ஒரு பக்கக் கை தானாகத் துடித்தல், திடீரென்று இல்லாத மணம் மணத்தல் ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம். இவற்றைச் சிலர் "பழைய காயத்தின் குணம்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி ஏதும் இருந்தால் முதலில் வலிப்பு கிளினிக்குக்குச் செல்லுங்கள். வலிப்பு மாத்திரையை ஒழுங்காக எடுத்து வலிப்பை நிறுத்துவதே உங்கள் மூளைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு ஊசிக்குப் போவது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று: மூளையைப் படம் பிடிக்க யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், தலையிலோ உடம்பிலோ சிதறல் இருப்பதை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லுங்கள். உருக்குத் துண்டை அந்தக் காந்தம் அசைக்கவும் சூடேற்றவும் கூடும். எக்ஸ்ரேயும் சி.ரி. ஸ்கானும் இந்த வகையில் தடையற்றவை.

சிறுநீரக வருத்தம் இருக்கிறவைக்கு?

கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் செரிப்ரோலைசின் கூடாது. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால், ஊசிக்கு முன்னர் குருதியில் கிரியேற்றினின் அளவைப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

உதவாட்டியும் உபத்திரவம் இல்லைத்தானே? போட்டா நட்டம் என்ன?

இப்படி நம்பியே தலைக்காயத்துக்குப் பல ஆண்டுகள் ஸ்ரீரொய்ட் ஊசி போடப்பட்டது. வீக்கம் வற்றும், மூளை தப்பும் என்ற விளக்கம் எல்லோருக்கும் சரியாகவே பட்டது. 2004இல், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட 'கிராஷ்' ஆய்வு வெளியானபோது, ஸ்ரீரொய்ட் பெற்றவர்களில் 21 வீதமானோரும் பெறாதவர்களில் 18 வீதமானோரும் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தது தெரியவந்தது. நன்மை செய்யும் என்று எண்ணிப் போட்ட ஊசி உயிர்களை எடுத்திருக்கிறது. மூளையிலிருந்து எடுத்த பெப்டைட் என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதமல்ல: இறந்தவர்களின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹோர்மோன், பிள்ளைகளுக்குக் கொடிய மூளை நோயைக் கடத்தியதால் 1985இல் கைவிடப்பட்டது. பன்றிகளில் அந்த வகை நோய் இயற்கையாகக் கண்டறியப்பட்டதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பணமும் ஒரு நட்டம்தான். கார்ஸ் ஆய்வில் நாளொன்றுக்கு 30 மில்லிலீற்றர் வீதம் 21 நாட்கள் ஏற்றினார்கள். 10 மில்லிலீற்றர்க் குப்பியாயின் 63 குப்பிகள். நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் இதைச் செய்த குடும்பங்களில், பின்னர் கிளினிக்குக்குப் போக முச்சக்கரவண்டிக்குப் பணமில்லாமல் பயிற்சி நின்றுபோனதைக் கண்டு மிகவும் வருந்தியிருக்கிறேன்.

அம்மாவுக்கு அறளை பேந்திட்டுது. ஊசியால ஞாபகம் திரும்புமோ?

குருதிக்குழாய்ப் பாதிப்பால் வரும் மறதிநோயில் செரிப்ரோலைசின் சிந்தனைத் திறனைச் சற்று உயர்த்தக்கூடும் என்று கொக்ரேன் குழு ஆறு ஆய்வுகளிலிருந்து மதிப்பிட்டது. ஆனால் அந்த ஆய்வுகள் சிறியவை, தரம் குறைந்தவை, முன்னேற்றமும் சிறிது என்றே அக்குழு கூறியது. பரிந்துரைக்கப் போதிய சான்றாக அது அதனை ஏற்கவில்லை.

அதற்கு முன்னர் தேட வேண்டியவை பல. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை, மாத்திரைகளின் பக்கவிளைவு, விழுந்து அடிபட்டதால் மண்டையோட்டுக்குள் மெல்லத் தேங்கிய குருதி ஆகியன அறளை போலவே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. போரில் பிள்ளையை இழந்த தாயொருவர் ஒன்றும் பேசாமல் ஒரு மூலையில் இருப்பதை வயதின் மறதி என்று கொள்வதற்கு முன்னர் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள்.

சுகருக்குப் போடுற ஓசெம்பிக் ஊசி மூளைக்கும் நல்லதாமே?

அதிலுள்ள செமாகுளூரைட் ஒரு பெப்டைட். அது பின்பற்றும் ஹோர்மோனை மூளைத்தண்டின் நரம்புக் கலங்களும் உருவாக்குகின்றன என்பதால் இந்த எதிர்பார்ப்பு அடிப்படையற்றதல்ல. ஆனால் ஆரம்ப நிலை அல்சைமர் நோயாளிகளிடம் மாத்திரை வடிவில் கொடுத்துப் பார்த்த 'எவோக்' ஆய்வுகள் நோயின் போக்கைத் தாமதப்படுத்தவில்லை என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதே குடும்பத்து எக்செனரைட், பார்க்கின்சன் நோயிலும் அவ்வாண்டே தோல்வி கண்டது. நீரிழிவுக்காக வைத்தியர் எழுதியிருந்தால் தொடருங்கள். நீரிழிவைக் கட்டுப்படுத்துவது மூளையின் குருதிக்குழாய்களுக்கு நல்லதே.

பிள்ளைக்கு நாலு வயசு, பேச்சு வரேல்லை. இப்பிடி ஒரு ஊசி இருக்குதாம்.

1998இல் செக்ரெற்றின் என்ற குடல் பெப்டைட் ஏற்றிய மூன்று ஓட்டிசப் பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள் என்ற செய்தி உலகெங்கும் பரவியது; பெற்றோர் வீட்டை விற்றும் அதைத் தேடினார்கள் என்றால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அடுத்த ஆண்டிலிருந்து நடந்த ஆய்வுகளில், உப்புநீர் ஏற்றிய பிள்ளைகளும் அதே அளவே முன்னேறினார்கள். ஒக்சிரோசின் மூக்குத் துளியும் 290 பிள்ளைகளிடம் பரிசோதிக்கப்பட்டு, 2021இல் பயனில்லை என்று வெளியானது.

முதலில் பிள்ளையின் செவிப்புலனைப் பரிசோதியுங்கள். பின்னர் குடும்பநல உத்தியோகத்தர் மூலமாகப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் செல்லுங்கள். நான்கு வயது பிந்திய வயதல்ல, ஆனால் காத்திருக்கும் வயதும் அல்ல.

மகள் ஏ.எல். எடுக்கிறா. சீமாக்ஸ் விட்டாப் படிச்சது நிக்குமோ?

சீமாக்ஸ் ஏழு அமினோ அமிலங்களைக் கொண்ட மூக்குத் துளி. ரஷ்யாவில் பாரிசவாதத்துக்கு வழங்கப்படுகிறது. அதுபற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ரஷ்யாவுக்குள் சிறிய அளவில் நடந்தவை. ஆரோக்கியமான மாணவருக்கு அது ஞாபகத்தைக் கூட்டும் என்று நம்பத்தக்க ஆய்வு எதுவும் காட்டவில்லை. வளரும் மூளையில் நீண்டகாலம் பாவித்தால் என்ன ஆகும் என்பதும் ஆராயப்படவில்லை. விடிய இரண்டு மணிவரை படிக்கும் பிள்ளையை முன்னிரவில் உறங்க விடுங்கள்; பகலில் படித்தது மூளையில் பதிவது உறக்கத்தில்தான்.

வல்லாரையிலயும் இது இருக்கோ?

இல்லை. வல்லாரையில் பேசப்படும் பொருள்கள் வேறு வகை, பெப்டைட்டுகள் அல்ல. வல்லாரைச் சம்பலை விருப்பப்படி உண்ணலாம்.

கனடாவில இருந்து அண்ணா அனுப்பினவர். அங்கத்தைய சாமான், நல்லதாத்தானே இருக்கும்?

குப்பியைக் கையில் எடுத்து, சிட்டையிலுள்ள மிகச் சிறிய எழுத்தை வாசியுங்கள். இணையத்தில் விற்கும் பல குப்பிகளில் "ஆய்வுப் பாவனைக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த ஒரு வரியால் விற்பவர் தம்மைக் காத்துக்கொள்கிறார். உள்ளே வெள்ளைத் தூளாக இருப்பது என்ன, அது கிருமியற்றதா என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. முறையாகத் தயாரித்ததும்கூட வழியில் கெடக்கூடும். செரிப்ரோலைசின் 25 பாகைக்கு மேல் வைக்கக்கூடாத மருந்து; ஏ9 வீதியில் பஸ்ஸின் முன்கண்ணாடியடியில் பார்சலாக வந்தால் அதன் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவுள்ள மருந்தா என்று பதிவுபெற்ற மருந்தாளரிடம் கேளுங்கள். 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கே போலி இம்யூனோகுளோபுலின் வந்து சேர்ந்த நாட்டில், பதிவே இல்லாத குப்பியை நரம்பில் ஏற்றத் துணியக்கூடாது.

வெளிநாட்டில கண்டுபிடிச்சிட்டினம், எங்களுக்குத்தான் வரேல்லை எண்டு சொல்லினமே?

வரவேண்டியது எதுவும் மறைத்து வைக்கப்படவில்லை. மூளைக் கலங்களைக் காக்கவென்று ஆக்கிய நெரினெற்றைட் என்ற பெப்டைட், கனடா முதலிய நாடுகளில் 1105 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2020இல் பயன் காட்டவில்லை. அடைப்பைக் கரைக்கும் மருந்து பெறாதவர்களில் மட்டும் நன்மை தெரிந்தது. கரைக்கும் மருந்து தூண்டும் நொதி பெப்டைட்டையும் வெட்டிவிடுவதே காரணம் என்று கருதி, அத்தகையவர்களிடம் மட்டும் மறுபடி சோதித்தார்கள். அதுவும் கைகூடவில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணி உண்மையில் மருந்தாக வென்ற இடம் கண்: செனெகெர்மின் என்ற சொட்டு மருந்து, உணர்விழந்த விழிவெண்படலப் புண்ணுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே மருந்து எந்தத் தடுப்பையும் கடக்க வேண்டியதில்லை.

டொக்டரே எழுதித் தந்தவர். அவரிட்ட எப்பிடிக் கேள்வி கேக்கிறது?

மரியாதையாகக் கேட்பதை எந்த நல்ல வைத்தியரும் தவறாக எடுப்பதில்லை. "டொக்டர், இவருக்கு எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறீங்கள்? எத்தனை நாளில பார்த்து நிப்பாட்டுவம்? இவருக்கு வலிப்பு வந்தது தெரியுமோ? இந்தப் பணத்தில பயிற்சிக்குப் போனா எது நல்லம்?" என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவராயின் அதையும் சொல்லுங்கள், சேர்ந்து விளைவைக் கூட்டக்கூடும். சில வைத்தியர்கள் குடும்பம் ஏதாவது செய்யச் சொல்லி மன்றாடுவதாலும் எழுதுகிறார்கள். "ஊசி இல்லாமலும் நாங்கள் பயிற்சியைச் செய்வம்" என்று நீங்களே சொன்னால் அவருக்கும் இலகுவாகிவிடும்.

பாதி ஊசி போட்டாச்சு. இடையில நிப்பாட்டினாப் பழுதோ?

செரிப்ரோலைசினை இடையில் நிறுத்துவதால் தீங்கு வரும் என்று அறியப்படவில்லை. வலிப்பு மாத்திரையைப் போலவோ ஸ்ரீரொய்ட்டைப் போலவோ படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது அல்ல. எனினும் எழுதியவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். போடும்போது உடம்பு சூடாதல், வியர்த்தல், தலைசுற்றல் வந்தால் ஊசி வேகமாக ஏற்றப்பட்டிருக்கலாம். வலிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வெறும் குப்பியையும் பெட்டியையும் எறியாமல் உடன் கொண்டுபோய்க் காட்டுங்கள். திறக்காத பெட்டிகளை வேறு நோயாளிக்குக் கைமாற்ற வேண்டாம், வாங்கிய மருந்தகத்திலேயே பற்றுச்சீட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.